சுருளியின் பதினெட்டு

கோல்ப் ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கூட்டல் சரியாக வராது. குறையாகச் சொல்லவில்லை. வெயிலில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, பதினெட்டுக் குழிக்கும் எத்தனை எத்தனை அடி அடித்தோம் என்று கூட்டச் சொன்னால் யாருக்கும் ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும். பி.எல். படித்த வக்கீல்களே ஏழும் ஆறும் பன்னிரண்டு என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார்கள். அதையெல்லாம் சரிபார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

என் பெயர் துளசிராம். வயது நாற்பத்திரண்டு. மதுரையில் ஒரு பஞ்சாலை வைத்தியசாலையில் கம்பவுண்டர் வேலை. 1928 முதல் இந்த வருஷம் வரை, பதினோரு வருஷமாக, நம் ஊர் அமெச்சூர் கோல்ப் லீகின் ஹாண்டிகேப் கணக்கும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஐயா, நீங்கள் கேட்டது சுருளியைப் பற்றி. அவனைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் ஹாண்டிகேப் என்றால் என்னவென்று தெரியாமல் எழுதிக்கொண்டால் என் வாக்குமூலம் உங்களுக்கே விளங்காது. கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

மைதானம் நாகமலை அடிவாரத்தில் இருக்கிறது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது, மேய்ச்சல் தரிசுதான். மில் துரைமார் ஒரு காலத்தில் அதில் ஒன்பது குழி வெட்டினார்கள். இரண்டு சுற்று வந்தால் பதினெட்டு. புல் நிற்காத மண் என்பதால் குழியைச் சுற்றி மட்டும் எண்ணெய் கலந்த மணலைக் கொட்டி அமுக்கி வைத்திருக்கும். மாட்டுக் குளம்புப் பள்ளத்தில் பந்து விழுந்தால் தண்டம் இல்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கென்று ஒரு விதிகூட உண்டு. மில்காரர்கள், ரயில்வேகாரர்கள், பசுமலை வாத்தியார்கள், வக்கீல்கள் என்று நான்கு அணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம்.

அந்த மைதானத்தை முழுத் திறமைசாலி ஒருவன் எழுபது அடியில் முடிப்பான். மைதானத்தின் அளவு அதுதான்; அடி எவ்வளவு குறைகிறதோ ஆட்டம் அவ்வளவு உசத்தி. இன்னொருவன் வழக்கமாக எண்பது அடியில் முடிக்கிறான் என்றால் அவனுக்குப் பத்து அடி சலுகை. அந்தப் பத்துதான் அவனுடைய ஹாண்டிகேப். போட்டியன்று அவன் அடித்த எண்ணிக்கையில் பத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்றவர்களோடு ஒப்பிடுவோம். இதனால் பலசாலியும் நோஞ்சானும் ஒரே வரிசையில் நிற்க முடிகிறது. இப்படி ஒரு நியாயத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. உங்கள் போலீஸ் கச்சேரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொருவரும் குழிவாரியாக அடிக்கணக்கு எழுதிய மூன்று கார்டு கொடுக்க வேண்டும். கூட ஆடியவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மூன்றின் சராசரியில் எழுபதைக் கழித்து, மார்கழி முதல் தேதி பலகையில் எழுதிவிடுவேன். எழுதினால் எழுதினதுதான். மாசியில் லீக் முடிகிற வரைக்கும் மாறாது. பிழை என்று நிரூபணமானால் மட்டும் மாற்றலாம். அதற்குப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் ‘கணக்கில் பிழை, திருத்தப்பட்டது’ என்று எழுதி நான் கையெழுத்திட வேண்டும். பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் மை பட்டதில்லை. மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். எனக்கும் ரங்கநாயகிக்கும் பிள்ளை இல்லை.

சுருளி எங்கள் மில்லில் நெசவுப் பகுதி மேஸ்திரி. முப்பது வயது, வாட்டசாட்டமான ஆள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. முன்பு கோல்ப் மைதானத்துக்குக் காவல் இருந்தவன்; துரைமார் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். போன வருஷம்தான் மில் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். என்னைக் கம்பவுண்டரண்ணே என்று கூப்பிடுவான். தோட்டத்தில் வெள்ளரி காய்த்தால் முதல் கூறு என் மேசைக்கு வந்துவிடும். எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கொடுத்த மூன்று கார்டும் எண்பத்தேழு, எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு. சராசரி எண்பத்தெட்டு. ரயில்வேகாரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுபதைக் கழித்துச் சுருளிக்குப் பதினெட்டு என்று பலகையில் எழுதினேன். சின்னப் பிள்ளையும் போடுகிற கணக்கு.

மார்கழியில் முதல் ஆட்டம். சுருளி எழுபத்தெட்டு அடியில் முடித்தான். அடுத்த ஞாயிறு எழுபத்தேழு. பதினெட்டைக் கழித்தால் அறுபதும் ஐம்பத்தொன்பதும் வருகிறது. அந்த மைதானத்தில் யாரும் அறுபத்தைந்துக்குக் கீழே வந்ததாக என் புத்தகத்தில் இல்லை. ரயில்வேகாரர்களும் வக்கீல்களும் அவனிடம் வரிசையாகத் தோற்றார்கள். பலகைக்கு முன்னால் கூட்டமாக நின்று பதினெட்டைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் சுருளியை வைத்தியசாலைக்குக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் கூசாமல் சொன்னான்.

“அது விரதத்துல ஆடுனதுண்ணே. எம் பொஞ்சாதி ஒச்சாயிக்குப் பிள்ளைப்பேறு நல்லபடியா ஆகணும்னு கருப்புக்கு நேந்துக்கிட்டேன். நாப்பத்தெட்டு நாளு, பொழுது சாஞ்சப்புறம் ஒருவேளைச் சோறு. காலையில வெறும் வயித்தோட வந்து ஆடுனா கை எங்க நிக்கும்? இப்பப் பொம்பளப்பிள்ள பிறந்திருச்சு, கெடாயும் வெட்டியாச்சு. தின்னுட்டு ஆடுறேன், அம்புட்டுத்தான்.”

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். விரதத்தைத் தம்பட்டம் அடித்தால் சாமிக்கு ஆகாது என்றான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது நெஞ்சு லேசாகிவிட்டது. என் கணக்கில் தப்பில்லை. நான் கணக்கிட்டது ஒருவேளைச் சோறு தின்கிற சுருளியை. அந்தச் சுருளிக்குப் பதினெட்டு என்பது மயிரிழை பிசகாத எண். இப்போது ஆடிக்கொண்டிருப்பவன் வேறு ஆள். எண் சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் மாறிப்போயிருந்தான்.

இதைக் கமிட்டியில் சொன்னேன். லீகின் தலைவர் வக்கீல் வெங்கிடகிருஷ்ணய்யர். கெட்டவர் அல்ல, ஆனால் கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற அதே குரலில்தான் வீட்டில் காப்பியும் கேட்பார். “கம்பவுண்டரும் மில்லு, ஆட்டக்காரனும் மில்லு. போறாததுக்கு சாமியையும் கூட்டு சேத்துண்டாச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு முடிவைச் சொன்னார். ஒன்று, கணக்கில் பிழை என்று எழுதி நானே கையெழுத்திட வேண்டும். அல்லது இன்னும் ஆறு ஞாயிறு பார்ப்பார்கள். அதற்குள் சுருளியின் கார்டு எண்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வராவிட்டால் பிழை என்று அவர்களே எழுதி, என்னை விலக்கிவிடுவார்கள்.

அவமானம் தாங்கவில்லை, ஐயா. அன்று மத்தியானம் சோற்றில் கை வைக்கவில்லை. ரங்கநாயகி என்னவென்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மறுநாள் சுருளியிடம் ஒரு யோசனை சொன்னேன். லீக் முடிகிற வரைக்கும் மறுபடி விரதம் இருந்துவிடேன் என்றேன். வேடிக்கையாகச் சொன்னேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

“சாமிக்கு இருந்தா விரதம்ணே. லீக்குக்கு இருந்தா அதுக்குப் பேரு பட்டினி,” என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கமிட்டியில் என்ன பேசினார்கள் என்று கேட்டான். ஒன்று விடாமல் சொன்னேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மழைக்காலம் முடிந்ததும் எங்கள் மில்லில் சனிக்கிழமைதோறும் எல்லோருக்கும் கொய்னா மருந்து உண்டு. குளிர்காய்ச்சல் வராமல் இருக்க. ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து நின்று ஓர் அவுன்ஸ் குடிக்க வேண்டும். குடித்ததும் பெயருக்கு நேரே கோடு போடுவேன். கொய்னாவின் கசப்புக்குள் வேறு எது இருந்தாலும் நாக்குக்குத் தெரியாது. தை மாதம் முதல் சனிக்கிழமை சுருளியின் அவுன்ஸைத் தனியாக ஊற்றி வைத்தேன். பூட்டிய அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் புட்டியிலிருந்து ஒரு பங்கு அதில் சேர்த்தேன்.

நீங்கள் அதை விஷம் என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் நாங்கள் அதையும் மருந்து என்றுதான் சொல்வோம், அளவில்தான் வித்தியாசம். சுருளியைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. விரத காலத்துச் சுருளி எப்படி இருந்தானோ அப்படி ஆக்க வேண்டும். கொஞ்சம் பசி குறைய வேண்டும், கொஞ்சம் கை தளர வேண்டும், அவ்வளவே. அதைக் கருப்பசாமி நாற்பத்தெட்டு நாள் அவனிடம் வாங்கினார். அவரிடம் யாரும் வாக்குமூலம் கேட்கவில்லை.

புத்தகத்தின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டேன். இடது பக்கம் சனிக்கிழமை கொடுத்த அளவு, வலது பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்த கார்டு. ஒரு பங்குக்கு எண்பது வந்தது. ஒன்றரைப் பங்கு கொடுத்தேன், எண்பத்திரண்டு. இரண்டு பங்குக்கு எண்பத்துநான்கு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே மருந்து ஒரே ஆளுக்கு இந்த வாரம் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது என்பதுதான் இருபது வருஷமாக நான் பார்த்தது. இந்த மனுஷனிடம் மட்டும் அது படிக்கட்டில் ஏறுகிற மாதிரி ஒரே சீராக ஏறியது. என்னுடைய நிதானத்துக்குக் கிடைத்த பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

சுருளி இளைத்துக்கொண்டு வந்தான். அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டான். தறிப் பக்கம் நிற்க முடியாமல் முக்காலி போட்டு உட்கார்ந்தான். மில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஈரல் கோளாறு என்று சீட்டு எழுதினார். சீட்டு என்னிடம்தான் வந்தது. மிக்ஸ்சர் கலந்து, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய பாட்டிலில் காகிதம் நறுக்கி ஒட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை அளவை அப்போது வாரம் முழுவதற்குமாகப் பிரித்து அந்தப் பாட்டிலிலேயே சேர்த்துவிட்டேன். அது இன்னும் சீராக இருக்கும் என்று தோன்றியது.

பயமாக இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாள் பயந்தேன். மருந்து வாங்க வந்தவன் வாசற்படி ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது உட்கார்ந்து யோசித்தேன். விரத காலத்தில் இவன் எண்பத்தெட்டு ஆடினான். எண்பத்தெட்டு ஆடிய நாளெல்லாம் நன்றாக இருந்தான்; ஒரு நாள் லீவு போடாமல் வேலைக்கு வந்தான். இப்போது எண்பத்தாறுதான் ஆடுகிறான். அப்படியானால் விரதத்தின்போது இருந்ததைவிட இப்போது தெம்பாகத்தான் இருக்கிறான். எண்பத்தெட்டைத் தாண்டாத வரை அவனுக்கு ஆபத்தில்லை; தாண்டினால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டியது. கண்ணால் பார்த்து மதிப்பிடுகிற ஆள் நான் இல்லை, ஐயா. இந்த யோசனையில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் அரைப் பங்கு கூட்டினேன். எண்பத்தேழு வந்தது.

கடைசி ஞாயிறு மாசி மாதம். நான் வழக்கமாக ஆட்டத்தோடு நடப்பதில்லை, அன்று நடந்தேன். சுருளியை அவன் மச்சான் மருது மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். வெங்கிடகிருஷ்ணய்யரே பக்கத்தில் வந்து, இந்த நிலைமையில் ஆட வேண்டாம், உடம்புதான் முக்கியம் என்று சொன்னார். சுருளி தலையை ஆட்டி மறுத்துவிட்டான். ஓர் அடி அடிப்பான், குந்தி உட்காருவான், மருது தூக்கிவிடுவான், அடுத்த பந்துக்கு நடப்பான். இரண்டாம் சுற்றில் வேலிக் கருவை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் முடித்துவிட்டு அவனுக்காக நிழலில் காத்திருந்தார்கள்.

கடைசிக் குழிக்கு முன்னால் என்னைப் பார்த்து, “எம்புட்டு ஆச்சுண்ணே?” என்றான்.

“எண்பத்துமூணு,” என்றேன்.

“அப்ப அஞ்சு இருக்கு,” என்றான்.

ஆட்டக்காரர்கள் இப்படி ஏதாவது சொல்லிக்கொள்வதுதான் என்று விட்டுவிட்டேன். நாலு அடியில் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டான். கடைசி அடிக்கு முன்னால் வெகு நேரம் நின்றான். கோலை ஊன்றிக்கொண்டு, மூச்சு நிதானத்துக்கு வருகிற வரை நின்றான். பந்து மெல்ல உருண்டு குழியில் விழுந்தது. எண்பத்தெட்டு.

வெங்கிடகிருஷ்ணய்யர் எல்லோருக்கும் முன்னால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். துளசிராமின் கணக்குத்தான் சரி, தாம் பேசியது தப்பு என்று உரக்கச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. சுருளி வண்டியில் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தான். லீக் முடிந்துவிட்டது, இனிமேல் பாட்டிலில் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை, பத்து நாளில் தேறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை மத்தியானம் இறந்துபோனான். ஈரல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் போய் வாய்க்கரிசி போட்டுவிட்டு வந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எண்பத்தெட்டு ஆடியவன் எப்படிச் சாக முடியும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஈரலில் உண்மையிலேயே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து நேற்றுக் காலையில் அவன் பெண்சாதி ஒச்சாயி வைத்தியசாலைக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மில் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதற்காக நாலு மைல் நடந்து வந்திருந்தாள். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

“நீங்க வெசனப்படாதீகண்ணே. அவுக உங்க பேரைக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்காக.”

என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

“என்னாலதான் கம்பவுண்டரண்ணனுக்கு அவமானம்னு வந்து சொன்னாக. வேணும்னே வாரத்துக்கு ரெண்டு ரெண்டு அடியாக் கூட்டி அடிச்சிட்டு வாரேன், ஒரேயடியாக் கூட்டுனாச் சந்தேகப்படுவாகன்னாக. பொறவு மேலுக்கு முடியாமப் போச்சு. அப்பவும் கேக்கலையே. எண்பத்தெட்டுக்கு மேல போனாலும் அண்ணனைத்தானே கேப்பாகன்னு சொல்லி, உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போயி ஆடிட்டு வந்தாக. உங்ககிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டீகளாம்.”

அது உண்மை. ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். வேண்டுமென்றே அதிகமாக அடிப்பது மோசடி. விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அவள் போன பிறகு அட்டவணையை எடுத்து மறுபடி பார்த்தேன். எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்துநான்கு. அது என் மருந்தின் வேலை இல்லை. அவன் எனக்காகக் கூட்டி அடித்த அடிகள். மருந்து அப்போது சரியாகப் பிடித்திருக்கவே இல்லை. அதைப் பிடித்துவிட்டதாக நம்பித்தான் நான் அளவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பிறகு எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு. அந்த உடம்போடு அவன் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி அதைக் குறைத்திருக்கிறான். ஆறு ஞாயிற்றில் ஒரு ஞாயிறுகூட அவன் உண்மையாக ஆடவில்லை. ஒன்றுக்கும் உதவாத அட்டவணையை வைத்துக்கொண்டு நான் மருந்து அளந்திருக்கிறேன்.

அதனால்தான் இன்று காலையில் நானாக இங்கே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை; அது உங்களுக்கே தெரியும். தை முதல் சனிக்கிழமையிலிருந்து மாசியில் அந்தக் கடைசி ஞாயிறு வரைக்கும் சுருளிக்கு மேல்தட்டுப் புட்டியிலிருந்து கொடுத்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. டாக்டருக்குத் தெரியாது, என் மனைவிக்குத் தெரியாது. அதனால்தான் அவன் இறந்தான். நான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு ஞாயிறு அவன் உள்ளபடி ஆடி, நூறு என்று ஒரு கார்டு கொடுத்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். அவன் உயிரோடு இருந்திருப்பான். அந்தக் குழந்தைக்கு அப்பன் இருந்திருப்பான். ஆறு வாரம் என்னிடம் பொய்க் கார்டு கொடுத்தது சுருளி. இந்த வழக்கில் ஏமாற்றியவன் அவன் ஒருவன்தான், ஐயா. நான் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை.